சங்கிரியாவின் பழம் யாருக்குரியது என்பது பற்றிய ஓர் ஆராய்ச்சி

வேனிற்காலத்தில் ஸ்பெயின் தேசத்துக் கடற்கரை ஊர்களில், கண்ணாடி ஜாடி ஒன்றில் சிவப்பு ஒயினையும் ஆரஞ்சு வில்லைகளையும் பனிக்கட்டியையும் ஒருங்கே இட்டு, நீண்ட மரக்கரண்டியால் கலக்கி, நாலு பேர் சுற்றி அமர்ந்து பருகும் சங்கிரியா என்னும் பானத்தைக் குறித்துச் செய்முறைக் குறிப்புக்கள் மலிந்து கிடப்பினும், அதன் மூலாதாரப் பிரச்சினையை, அதாவது பானம் தீர்ந்தபின் டம்ளரின் அடியில் எஞ்சிக் கிடக்கும் பழத்துண்டின் அந்தஸ்து யாது, அது யாருக்குப் பாத்தியம், அதை எவ்வாறு அடைவது என்பதை, அக்குறிப்புக்களை எழுதினோர் ஒருவரேனும் ஏறெடுத்துப் பார்த்ததாகக் காணோம். பழத்தைப் போடச் சொன்னவர்கள் பழத்தின் கதி என்ன என்று சொல்லாமல் விட்டது பெரும் பாவம். அப்பாவத்துக்குப் பிராயச்சித்தமாக எழுந்ததே இவ்வாராய்ச்சி. மதுவிலக்கில் பற்றுடைய அன்பர்கள் இதனை ஏட்டளவில் பருகி இன்புறலாம். ஏட்டில் பனிக்கட்டி உருகுவதில்லை என்ற சௌகரியமும் அவர்களுக்கு உண்டு.

எப்பொருளை ஆராய்வதாயினும் முதல், கரு, உரி என்று பகுத்துக் காண்பதே நம்மவர் மரபாதலின், அம்மரபையே ஈண்டும் கைக்கொள்வோம். முதற்பொருளாவது நிலமும் பொழுதும். நிலம் ஐபீரியத் தீபகற்பம். பெரும்பொழுது ஜூலை, ஆகஸ்டு மாதங்களாகிய முதுவேனில். சிறுபொழுதோ, செவில் நகரில் வெயில் நாற்பது பாகைக்கு மேல் ஏறி, கடைக்காரர் கதவை இழுத்துச் சாத்திவிட்டு வீட்டுக்குள் ஒடுங்கும் நண்பகல். வேனிலும் நண்பகலும் கூடுமிடம் பாலை என்று தொல்காப்பியம் கற்றோர் அறிவர்; ஆகவே சங்கிரியா பாலைத் திணைக்குரிய பானம் என்பது ஐயந்திரிபற விளங்கும். பாலைக்கு உரிப்பொருள் பிரிவாயிற்றே, இங்கே பிரிவு எங்கே என்று வினவுவார்க்கு, அலுவலகத்தைப் பிரிந்து இரண்டு வாரம் விடுமுறையில் வந்து கடற்கரையில் அமர்ந்திருக்கும் ஐரோப்பியக் குமாஸ்தாவைச் சுட்டிக் காட்டுதலே போதும். கருப்பொருள்களாவன டெம்ப்ரனீயோ, கர்னாச்சா என்னும் திராட்சை வகைகளின் இள ஒயினும், வலென்சியாப் பக்கத்து ஆரஞ்சும், எலுமிச்சையும், ஆப்பிளும், பீச் பழமும் ஆம். இவற்றுள் பீச் பற்றி மட்டும் ஓர் இடைச்சொல் உண்டு. அரகோன் பிரதேசத்தில் கலாண்டா என்ற ஊரில், மரத்தில் தொங்கும்போதே பீச் காய் ஒவ்வொன்றுக்கும் காகிதப் பையொன்று மாட்டி, குழந்தைக்குச் சட்டை போடுவதுபோல் போட்டு வளர்க்கிறார்கள். ஸ்பெயினின் மிகச் சிறந்த பீச் அதுவே என்பது அவ்வூரார் கட்சி. ஆனால் அது பழுத்து வருவது கோடை கழிந்து செப்டம்பர், அக்டோபரிலாதலால், வேனிற் பானத்துக்கு அது வந்து சேருவதில்லை. உத்தமமான பழம் உரிய காலத்தில் கிட்டாது என்பதை உலகியலிலிருந்து அறிந்தோர் இதற்கு வியப்படையார்.

இனி இப்பானத்தின் பூர்வோத்தரம். மத்திய கால ஐரோப்பியப் பிரபுக்கள் ஒயினில் பட்டை, இஞ்சி முதலிய சம்பாரங்களையும் சர்க்கரையையும் சேர்த்து, ஹிப்போகிராத்தஸ் என்னும் கிரேக்க வைத்தியரின் பெயரால் வழங்கிய கூம்பு வடிவத் துணிப்பையில் வடித்து அருந்தினர். அங்கே வடிகட்டி இருந்தமையால் அடியில் எஞ்சுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. 1736-இல் லண்டன் ஸ்ட்ராண்ட் வீதியில் பஞ்ச் விற்ற ஒருவர் மதேரா ஒயினைக் கொண்டு புதிய பானமொன்று கண்டதாக அக்காலத்துப் பத்திரிகையில் செய்தி உண்டு. 1862-இல் ஜெர்ரி தாமஸ் என்னும் அமெரிக்கர் வெளியிட்ட கலவைப் பான நூலில் சங்காரி என்ற வகை இடம்பெறுகிறது. ஒயின், சர்க்கரை, பனிக்கட்டி, மேலே துருவிய ஜாதிக்காய், இவ்வளவே. ஜாதிக்காய்த் தூளின் மீது யாரும் பாத்தியம் கொண்டாட இயலாது. பழத்துண்டு மிதக்கும் ஜாடி உலகப் பிரசித்தி அடைந்தது 1964-இல் நியூயார்க்கில் நடந்த உலகக் கண்காட்சியின் ஸ்பெயின் மண்டபத்திலிருந்து என்பர். அன்று தொட்டு அமெரிக்கர் கோடைதோறும் இதைக் கலக்கி வருகின்றனர். பிரச்சினையும் அன்று தொட்டதே.

தமிழருக்கும் இதற்கும் தொடர்பு காட்டாத ஆராய்ச்சி ஆராய்ச்சியன்று என்ற சம்பிரதாயத்தையும் நிறைவேற்றிவிடுவோம். புறநானூற்றின் 56-ஆம் பாட்டில், யவனர் கொணர்ந்த குளிர்ந்த மணமுள்ள மதுவைப் பொற்கலத்தில் பருகி வாழ்வாயாக என்று பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார். 1945-இல் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து ஒயின் ஏற்றி வந்த இருகைச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. ஆக, ஒயின் வந்தது திண்ணம். அது குளிர்ந்திருந்ததும் திண்ணம். பாண்டியனின் பொற்கலத்தில் கிச்சிலி வில்லை மிதந்ததா என்ற கேள்விக்கு மட்டும் பாட்டும் விடை சொல்லவில்லை, ஓடும் விடை சொல்லவில்லை.

சாத்திரம் மௌனம் சாதிக்கும் இடத்தில் சட்டத்தை நாடுவதே முறை. ஐரோப்பிய யூனியனின் 2014-ஆம் ஆண்டு 251-ஆம் எண் ஒழுங்குவிதி, சங்கிரியா என்ற பெயரைத் தனியே சூடிக்கொள்ளும் உரிமையை ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் உற்பத்தியாவதற்கு மட்டும் அளித்து, மதுச்சாரம் நூற்றுக்கு 4.5-க்குக் குறையாமலும் 12-க்கு உட்பட்டும் இருத்தல் வேண்டும், சாயம் சேர்த்தலாகாது, பாதிக்குக் குறையாமல் ஒயின் இருத்தல் வேண்டும் என்று நிபந்தனை விதிக்கிறது. பழத்தைப் பொறுத்தவரை அவ்விதி பெயர் சொல்லி அனுமதிப்பது எலுமிச்சை, ஆரஞ்சுக் குடும்பத்தின் சதைத் துணுக்கையும் தோலையுமே. ஆப்பிளும் பீச்சும் அங்கே பேசப்படவில்லை. அதுமட்டுமன்று: சங்கிரியாவில் பிராந்தியைச் சேர்த்தால் அது சங்கிரியா அன்று, ஸுர்ரா எனப்படும், அதற்குப் பழத்துண்டு போடலாம், சாரம் 9 முதல் 14 வரை இருக்க வேண்டும். வெள்ளை ஒயினில் செய்தால் கிளாரியா. விற்பனைக்கு வைப்போரைக் கட்டுப்படுத்தும் இவ்விதி வீட்டு ஜாடியைத் தீண்டாதெனினும், தர்மசாஸ்திரத்தை வீட்டிலும் அனுசரிப்பதே சிஷ்டாசாரம் என்று கொள்வோமாயின், பிராந்தியும் பீச்சும் இட்டு நாம் சங்கிரியா சங்கிரியா என்று சொல்லிப் பெருமை கொள்வதெல்லாம் பெரும்பாலும் ஸுர்ராவே என்ற திடுக்கிடும் முடிவு பெறப்படுகிறது.

செய்முறையை இனிக் கூறுதும். ஒயின் விலை உயர்ந்ததாக இருத்தல் கூடாது. மரப்பீப்பாயில் வருஷக்கணக்கில் கிடந்து துவர்ப்பேறிய ஒயினைக் குளிர வைத்தால், குளிர்ச்சி துவர்ப்பை இன்னும் தூக்கிக் காட்டி, நாக்கைப் பிடித்து இழுக்கும். ஆதலின் பழவாசம் மிக்க இள ஒயினே தக்கது. ஆரஞ்சை வில்லையாக அரியுமுன், எலுமிச்சைத் தோலைக் கத்தியால் மெல்லச் சீவி எடுக்கவேண்டும். மஞ்சள் தோலில் உள்ள வாசனை எண்ணெய் சாராயத்தில் கரைந்து இறங்கும். தோலுக்கும் சுளைக்கும் இடைப்பட்ட வெள்ளைப் பஞ்சோ கசப்பை இறக்கும். சீவலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் விரல் மங்கலாகத் தெரியும்படி இருக்கவேண்டும். விரல் மறைந்தால் பஞ்சு சேர்ந்துவிட்டதென்று அறிக. சர்க்கரையைக் குளிர்ந்த ஒயினில் கொட்டினால் கரையாமல் அடியில் மணலாகத் தங்குமாதலால், சிறிது வெந்நீரில் பாகாக்கி விடுவது நலம். குளிர்ந்த பின் இனிப்பு மட்டுப்படுவதால், வாயில் வைத்துப் பார்க்கும்போது ஒரு பிடி தூக்கலாகவே இருக்கட்டும். பட்டை ஒரு துண்டு. பிறகு நான்கு மணி நேரம் குளிர்ப்பெட்டியில் வைத்து ஊறவிட வேண்டும். பழத்தின் சர்க்கரை ஒயினுக்குப் போவதும் ஒயின் பழத்துக்குள் புகுவதுமாகிய பரஸ்பர உபசாரம் அப்போதுதான் நடைபெறும். சோடாவும் பனிக்கட்டியும் பரிமாறும் வேளையில்.

ஊறவைக்கப் பொறுமையற்று, முப்பது பாகைச் சூட்டிலுள்ள ஜாடியில் நேரே பனிக்கட்டியைக் கொட்டுவோர்க்கு நேரும் கதியைக் கணிதம் கொண்டு காட்டுவோம். நூற்றுக்கு 13 பங்கு சாரமுள்ள ஒயின் 750 மில்லி, 40 பங்குள்ள பிராந்தி 60 மில்லி, ஆரஞ்சுச் சாறு 150 மில்லி, ஆக 960 மில்லி. இதன் சாரம் 12.6-ஐத் தாண்டுவதால் இது ஸுர்ரா. ஐந்து பாகைக்கு இதனைக் குளிர்விக்க, ஒரு கிராம் பனிக்கட்டி உருகுவதற்கு 80 கலோரி வீதம் கணக்கிட்டால், ஏறத்தாழ 280 கிராம் கட்டி உருகி நீராக வேண்டும், சாரம் 9.8-க்கு இறங்கும், இன்னமும் ஸுர்ராவே. மேலே 200 மில்லி சோடா விட்டவுடன் 8.4 ஆகி, ஸுர்ரா என்ற பதவி பறிபோகிறது. பிராந்தி கலந்த தோஷத்தால் சங்கிரியா ஆகவும் வழியில்லை. ஒயினின் பங்கு அப்போது 52. யாரேனும் உபசாரமாக இன்னும் 150 மில்லி சோடா சேர்ப்பாராயின், ஒயின் 47-க்குச் சரிந்து, சட்டத்தின் கண்ணுக்கு அது ஒயின் பானமே அன்று என்றாகிவிடும். ஒரே ஜாடி, ஒரே பிற்பகல். மூன்று ஆசிரமங்களைக் கடந்து நாலாவதாகிய சந்நியாசத்தில் போய் முடிகிறது. குளிர்ப்பெட்டியில் முன்னரே வைத்தவருக்கு இவ்வீழ்ச்சி பெருமளவு தவிரும்.

இனி நம் பிரதானப் பொருளுக்கு வருவோம். பழம் மேஜையைச் சேர்ந்ததா, ஜாடியைச் சேர்ந்ததா, டம்ளரை ஏந்தியவரைச் சேர்ந்ததா? ஜாடியே இதில் முதற் சாட்சி. சங்கிரியாவுக்கென்று செய்யும் ஜாடியின் மூக்கைக் குயவரும் கண்ணாடித் தொழிலாளரும் இரு பக்கமும் கிள்ளினாற்போல் நெருக்கி விடுகின்றனர். ஊற்றும்போது பனிக்கட்டியும் பழமும் டம்ளரில் சளப்பென்று விழாமல் தடுப்பதே அதன் பிரயோசனம். ஆகவே ஜாடி செய்தவன் அபிப்பிராயத்தில் பழம் ஜாடிக்கே சொந்தம், டம்ளருக்கு அன்று. ஆனால் அதே ஜாடியோடு ஒரு மரக்கரண்டியும் தருகிறார்கள். கரண்டியால் பழத்தைத் தூக்கி டம்ளரில் போடலாம். ஜாடி மறுத்ததைக் கரண்டி அருளுகிறது. ஆக, அதிகாரம் முழுவதும் கரண்டி பிடித்தவர் கையில். நம் கல்யாணப் பந்தியில் பாயசத்தின் முந்திரிப்பருப்பு யார் இலையில் விழுகிறதென்பது அகப்பையை ஆழமாக விடுகிறாரா மேலாக மொள்ளுகிறாரா என்பதைப் பொறுத்திருப்பதும், சம்பந்தி வீட்டார் இலை வந்தவுடன் அகப்பை தானே அடிமட்டத்துக்குப் போவதும் யாவரும் கண்டதே. கரண்டி பிடிப்பவரின் பட்சபாதத்துக்கு இதைவிட வேறு சான்று வேண்டா.

டம்ளரில் விழுந்த பழத்தை அடையும் உபாயத்தில் இரு பட்சங்கள் உண்டு. குட்டி தானே தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்கின் நெறியாகிய மர்க்கட நியாயத்தார், பருகுபவர் முயற்சி செய்தே பழத்தைப் பெற வேண்டும், முள்கரண்டியோ பல்குச்சியோ, கதியற்றபோது இரு விரலோ கொள்ளலாம் என்பர். தாயே குட்டியைக் கவ்விச் செல்லும் பூனையின் நெறியாகிய மார்ஜார நியாயத்தாரோ, டம்ளரைச் சாய்த்துச் சும்மா இருந்தால் பழம் தானே வாயை வந்தடையும், முயற்சி அவிசுவாசத்தின் அறிகுறி என்பர். இருவரும் உண்மையே சொல்லுகின்றனர் என்பதும், அவர்கள் பூசல் பழவேற்றுமை அறியாமையால் நேர்ந்ததென்பதும் நம் துணிபு. ஆப்பிளின் கன அளவில் கால் பங்கு காற்று. ஆதலின் அது என்றும் மிதந்து, டம்ளர் சாய்ந்தவுடன் உதட்டை முட்டும். தோலோடு அரிந்த ஆரஞ்சு மிதக்கும், தோல் உரித்த சுளை அமிழும். ஊறிக் கனத்த பீச் பெரும்பாலும் அடியில் படிந்து கிடக்கும். ஆகவே ஆப்பிள் மார்ஜார நியாயத்துக்கும், பீச் மர்க்கட நியாயத்துக்கும் உரியவை. தோலுள்ள ஆரஞ்சு மார்ஜார பட்சத்தில் பிறந்து, உதட்டில் பட்டு மூக்கை மறைத்துப் பருக விடாமல் தடுத்து, கடைசியில் விரலாலேயே தள்ளப்படுவதால் இரண்டிலும் கால் வைத்தது.

பழத்தை வெறும் பார்வைக்கே என்று விட்டுவிடும் மூன்றாம் பட்சமும் உண்டு. மேஜையை விட்டு எழுகையில் அடியில் கிடக்கும் பீச்சை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, பிறர் என்ன நினைப்பரோ என்று போய்விடுவோர் இப்பட்சத்தார். நாலு மணி நேரம் ஊறி, ஜாடியின் சாரத்தையெல்லாம் தன்னுள் வாங்கிக்கொண்ட துண்டு அது. அதனை விட்டுச் செல்வதை நாகரிகம் என்று நாம் ஒப்புவதற்கில்லை.

ஸ்பானியர் இதற்கு என்ன தீர்ப்புக் கூறுகின்றனர் என்று விசாரித்தால், ஆராய்ச்சியாளனுக்குப் பெரும் ஏமாற்றமே மிஞ்சும். அவர்களுள் பலர் சங்கிரியாவை அந்நியப் பயணிகளுக்கென்று விட்டுவிட்டு, தாங்கள் தின்தோ தெ வெரானோ என்னும் வேனிற் சிவப்பைக் கேட்டு வாங்குகின்றனர்: உயர்ந்த டம்ளரில் பனிக்கட்டி, பாதி சிவப்பு ஒயின், பாதி சோடா. ஊறவைப்பதில்லை, பிராந்தி இல்லை, கரண்டி இல்லை, ஜாடியும் இல்லை. ஆந்தலூசியாவில் பரிசாரகர் கேட்பது ஒன்றே, எலுமிச்சை சோடாவா, வெறும் இனிப்புச் சோடாவா என்று. மேலே மிதக்கும் ஒற்றை எலுமிச்சை வில்லைக்கு இதுகாறும் எவரும் வழக்காடியதாகத் தெரியவில்லை.