அரிப்புக்கு வெச்ச பேரு

ஏலே பேராண்டி, அந்தத் தாளை இப்படிக் கொடு. மூஞ்சி ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கு? நேத்து ராத்திரியில இருந்து சோறு இறங்கலையாமே. என்னதான் எழுதியிருக்கு? 'இடியோபதிக் ப்ரூரிட்டஸ்'. அடேங்கப்பா! பேரைக் கேட்டா மேளம் வெச்சு எதிர்கொண்டு அழைக்கணும் போலிருக்கே.

ப்ரூரிட்டஸ்னா என்ன தெரியுமாலே? அரிப்பு. இடியோபதிக்னா? காரணம் தெரியலை. ரெண்டையும் சேத்து வாசி. 'அரிக்குது, ஏன்னு தெரியலை.' இதைத்தானலே நீ உள்ள போனதும் டாக்டர்கிட்ட சொன்ன? நீ தமிழ்ல வெச்ச மொய்யை அவரு கிரேக்கம் பாதி, லத்தீன் பாதின்னு திருப்பி வெச்சிருக்காரு. இதுக்கா ஒரு ராத்திரி முழுக்க முழிச்சுக் கிடந்த?

சும்மா சொல்லப்படாது. பேரு வெச்சதோட விடலை மனுசன். ரத்தத்தைச் சோதிச்சு, ஈரல், சிறுநீரகம் எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லித் தடவ மருந்தும் எழுதியிருக்காரு. காசு அதுக்குத்தான். பேரு இனாம்.

விக்கலுக்குக்கூட சிங்கல்டஸ்னு ஒரு பேரு உண்டு. சில்லுமூக்கு உடைஞ்சா எபிஸ்டாக்ஸிஸ். வயிறு கடமுடான்னு உருளுதுல்லா, அது போர்போரிக்மி. அதைச் சொல்லி முடிக்கதுக்குள்ள வயிறே அடங்கிரும்.

கிட்ட வா, ஒரு ரகசியம் சொல்லுதேன். இந்தப் பேரெல்லாம் வெச்சவனும் நம்மள மாதிரி வயக்காட்டையும் அடுப்படியையும் பாத்து வளந்த ஆளுதான். கண்கட்டிக்கு ஹார்டியோலம்னு பேரு. லத்தீன்ல அது குட்டி வாற்கோதுமை மணி. நீ ஜிம்முல போய் வளக்கியே 'மஸில்', அது சுண்டெலி! கையை மடக்கினா தோலுக்கடியில எலி ஓடுத மாதிரி தெரிஞ்சிருக்கு அவனுக்கு. குண்டி எலும்பு நுனிக்கு காக்ஸிக்ஸ். கிரேக்கத்தில குயில். அந்த எலும்பு குயில் மூக்கு மாதிரி வளைஞ்சிருக்காம். கேன்சர்? நண்டு. முழங்கால்ல இருக்கே பட்டெல்லா, அது சின்னத் தட்டு. நம்ம பாட்டன் அதே எலும்பைத் தொட்டுப் பாத்துட்டு, உடைஞ்ச பானை ஓடு ஞாபகம் வந்து முழங்கால் சில்லுன்னான். அவன் தட்டுன்னான், இவன் சில்லுன்னான். அதைச் சொன்னா நீ பயப்படுத. இதைச் சொன்னா சிரிக்க. எந்த ஊரு நியாயம்லே இது?

மலேரியாவைப் பாரு. இத்தாலிக்காரன் வெச்ச பேரு அது, 'கெட்ட காத்து'ன்னு. 1897ல சிகந்தராபாத்தில ரொனால்டு ராஸ்னு ஒரு டாக்டர், கொசு வயித்தை அறுத்துப் பாத்து உள்ள கிருமி இருக்கதைக் கண்டுபிடிச்சாரு. குத்தவாளி கொசு. பாவம், காத்து மேல போட்ட பழி இன்னும் பேருல நிக்குது. நம்மாளு என்ன சொன்னான்? முறைக்காய்ச்சல். முறை வெச்சு வருது, அதனால முறைக்காய்ச்சல். யாரு மேலயும் பழி போடலை பாத்தியா?

ஆனா நாமளே அர்த்தம் பண்ணிக்கிடப்படாது. நான் பட்டிருக்கேன். உங்க ஆச்சி கழுத்தில ஒரு கட்டி. சதை எடுத்து அனுப்பினோம். 'நெகட்டிவ்'னு வந்துது. நெகட்டிவ்னா கெட்டதுதானேன்னு, ஆஸ்பத்திரி வாசல்ல துண்டை வாயில பொத்திக்கிட்டு அழுதேன். நர்ஸம்மா ஓடிவந்து, "தாத்தா, கெட்டது இருக்கான்னு தேடினாங்க, இல்லைன்னு வந்திருக்கு"ன்னு சொன்னா. ஆச்சி இன்னைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கா. அக்யூட்னு இருந்தாலும் அலறாத. திடீர்னு வந்ததுன்னு அர்த்தம். க்ரானிக்னா நாள்பட்டது. எவ்வளவு மோசம்னு ரெண்டும் சொல்லாது. அதை டாக்டர்தான் சொல்லணும்.

அடுத்த தடவை போகும்போது தாளை மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டு ஓடி வராத. "ஐயா, இதை எங்க ஆச்சிக்குச் சொல்லுத மாதிரி சொல்லுங்க"ன்னு கேட்டுட்டு எந்திரி. கோவிச்சுக்கிட மாட்டாரு. இப்ப போய்ச் சாப்பிடு. நகத்தை ஒட்ட வெட்டு. பேசிக்கிட்டே சொறியுத பாரு, கையை எடுலே.