டொய்ங் மாமா

காலை ஆறு மணிக்கு எங்கள் தெருவில் பால் பாக்கெட் வந்து விழும். ஆறேகாலுக்கு ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம். கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு ‘டொய்ங்’. அடுத்து ஒரு பாட்டு வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்காருகிறவர் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர். பழைய குடித்தனக்காரர்களுக்குத் தெரியும், பாட்டு வராது. பதினைந்து வருஷமாக வந்ததில்லை.

சத்தம் வரும் வீட்டுக்காரருக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. கேட்டில் பலகை அடித்து வைத்திருக்கிறார். ஆனால் தெருப் பிள்ளைகள் வைத்த பெயர்தான் நிலைத்தது. கூரியர்காரரே “டொய்ங் மாமா வீடு எது?” என்றுதான் கேட்கிறார்.

மேற்குத் தாம்பரத்தில் எங்களுக்கு வாய்த்தது இவர். சேலையூருக்கு ஒருவர், குரோம்பேட்டைக்கு ஒருவர், பெருங்களத்தூருக்கு ஒருவர் என்று தேடினால் கிடைப்பார்கள். அடையாளம் சுலபம். பேங்கிலோ டெலிபோன்ஸிலோ இருந்து விஆர்எஸ் வாங்கியவராக இருப்பார். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர் இருக்கும். கல்யாண ரிசப்ஷனுக்குப் போனால் மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்கமாட்டார். நேரே மெல்லிசை மேடைக்குப் பின்னால் போய்க் கீபோர்டின் முதுகைப் பார்ப்பார். எண்பதுகளின் சோகப் பாட்டுக்கு நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, “இது டிஎக்ஸ்-7 பியானோ, கேட்டேளா?” என்று தொடையில் தட்டுவார்.

வெள்ளிக்கிழமை ஊர் கோயிலுக்குப் போகும். மாமா பல்லாவரம் சந்தைக்குப் போவார். புறாக்கூண்டு, பூச்செடி, ஜோடி இல்லாத ஷூ, உயிர் போன மிக்சி எல்லாவற்றையும் தாண்டி ஒரு கீபோர்டு மூலையில் சாய்ந்திருந்தால் அவர் மூக்கில் வியர்க்கும். “ஒர்க்கிங் கண்டிசன் சார்” என்று எந்தக் கடைக்காரராவது சொல்லிவிட்டால் மாமாவின் முகம் தொங்கிப்போகும். வியாபாரிகள் இப்போது தேறிவிட்டார்கள். “சுத்தமா டெட்டு சார். நாலு கட்டை அமுங்காது. உள்ள கரப்பான் குடும்பமே கீது. ரெண்டாயிரம் குடு, எட்த்துனு போ.” மாமா பேரம் பேசாமல் எடுத்துக்கொண்டு மின்சார ரயிலில் ஏறுவார். “என்ன சார், அயர்ன் டேபிளா?” என்று யாராவது கேட்பார்கள். மறுக்கமாட்டார்.

மாமாவின் ரகசியம் இதுதான்: நன்றாக இருக்கும் வாத்தியம் அவருக்கு வாத்தியமே இல்லை. சீக்காளியாக வர வேண்டும்.

மாடி அறைதான் வார்டு. மூத்த நோயாளி யமஹா டிஎக்ஸ்-7. 1983-இல் பிறந்தது, ஒரே நேரத்தில் 16 குரலில் பேசும். அதன் ஞாபகசக்தி முழுவதையும் காசளவு பாட்டரி ஒன்று காத்து வருகிறது. பாட்டரி செத்தால், சேர்த்து வைத்த ஒலி அத்தனையும் மறந்துபோகும். மாமா அதை மாற்றுவதற்கென்றே நாள் பார்ப்பார். நானும் ஒருநாள் விவரம் தெரியாமல் “இது எப்படி மாமா வேலை செய்யுது?” என்று கேட்டுவிட்டேன்.

“உக்காருங்கோ. கமகம்னா என்ன? சுரத்தை ஆட்டறது. நொடிக்கு ஆறு தரம் ஏழு தரம் ஆட்டினா காதுக்கு அசைவாத் தெரியும். அதையே நூத்துக்கணக்குல ஆட்டினா? அசைவு போயிடும், வேற வாத்தியமே பொறந்துடும். ஜான் சௌனிங்னு ஒருத்தர், ஸ்டான்ஃபோர்டுல, 1967-ல கண்டுபிடிச்சார். யமஹாக்காரன் உரிமை வாங்கிண்டான்.”

இவ்வளவு அழகாகச் சொன்னவர் வாசித்துக் காட்டுவார் என்று நினைத்தேன். ‘டொய்ங்’ என்று ஒரு கட்டையை அமுக்கினார். “மூணாவது ஆக்டேவ்ல ஒரு கரகரப்பு, கேட்டேளா?” என்று மூடியைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த படுக்கையில் ரோலண்டு ஜூனோ-106. 1984-இல் வந்தது, ஆறு குரல், குரலுக்கு ஒரு சிப். சிப்பைக் காப்பாற்றப் பூசிய கறுப்பு ரெசினே வயதான காலத்தில் அதற்கு எமனாகிறது. ஒவ்வொரு குரலாகக் கட்டிக்கொள்ளும். வைத்தியம், சிப்பைக் கழற்றி அசிட்டோனில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்துப் பூச்சை உரிப்பது. நகப் பூச்சை அழிக்கிற அதே சாமான்தான். அந்த வாரம் வீடு பியூட்டி பார்லர் மாதிரி மணக்கும். மாமி உளுந்து ஊறப்போடக் கிண்ணம் தேடும்போதுதான் சண்டை ஆரம்பமாகும்.

மூன்றாவது கோர்க் எம்எஸ்-20. 1978-இல் வந்த வகை. பத்து விரலை வைத்தாலும் ஒரு சுரம்தான் பேசும். ஜப்பானில் இருக்கும் மருமான் கொண்டுவந்தது. அங்கே 100 வோல்ட், நம் வீட்டில் 230. மாமா உற்சாகத்தில் நேரே பிளக்கில் செருகிவிட்டார். ஹோமம் வளர்த்த மாதிரி புகை. ஓடிப்போய்ப் பார்த்தால் மனிதர் முகத்தில் கவலையின் சாயல்கூட இல்லை. மூன்று வாரத்துக்கு வேலை கிடைத்துவிட்டதே! மறுநாள் காலையிலேயே கண்டென்சர் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் கிளம்பிவிட்டார்.

செலவைப் பற்றி மாமி கேட்டால் சரித்திரம் பேசுவார். “சரண்ஜித் சிங் 1982-ல பம்பாய்ல, ரோலண்டு டிபி-303-ஐ வச்சுண்டு பத்து ராகத்தை டிஸ்கோவுல போட்டார். ஒருத்தரும் சீந்தலை. அந்த மிஷினும் போணியாகலை, கம்பெனியே நிறுத்திடுத்து. இன்னிக்கு ரெண்டுக்கும் உலகமே அலையறது. குப்பைன்னு சொல்லாதே, காலம் வரும்.”

“வரட்டும். அதுவரைக்கும் கரண்ட் பில் யார் கட்டறது?”

“ரஹ்மானோட அப்பா போனப்போ அவருக்கு ஒன்பது வயசு. வீட்டுல இருந்த வாத்தியங்கள்தான் குடும்பத்துக்குச் சோறு போட்டது.”

“அவா வாடகைக்கு விட்டா. நீங்க தொடவே விடமாட்டேங்கறேளே.”

2015 டிசம்பரில் முடிச்சூர்ப் பக்கம் வெள்ளம் புகுந்தபோது மாமா அதுவரை யாரும் பார்த்திராத வேகத்தைக் காட்டினார். அப்போது வார்டு கீழ்த்தளத்தில் இருந்தது. முதலில் டிஎக்ஸ்-7 மாடி ஏறியது, பிறகு ஜூனோ, பிறகு எம்எஸ்-20, பிறகு ஸ்குரூ டப்பா. முழங்கால் தண்ணீரில் நின்றபடி மாமி கேட்டார்: “கேஸ் சிலிண்டர் எப்போ?” அதற்கு மாமா சொன்ன பதிலை மாமி இன்றுவரை எல்லோரிடமும் சொல்கிறார்: “அது தண்ணியில மிதக்கும், கவலைப்படாதே.”

எங்கள் சாலையில் நேரே மேற்கே போனால் ஒரகடம். அந்தப் பக்கம் யமஹா கம்பெனி தொழிற்சாலை போட்டு, 2019 முதல் கீபோர்டு செய்து தள்ளுகிறது. “பக்கத்துலயே புதுசு கிடைக்குமே மாமா?” என்றேன். “புதுசா? அதுல என்ன ரிப்பேர் இருக்கும்?” என்றார், கல்யாணப் பந்தியில் பத்தியச் சாப்பாடு போட்டதுபோல.

போன நவராத்திரியில்தான் சோதனை வந்தது. மாமி மூன்றடுக்குக் கீபோர்டு ஸ்டாண்டைப் பறித்து, வேட்டி போர்த்தி, கொலுப்படி ஆக்கிவிட்டார். தசாவதாரம், செட்டியார் கடை, நடுவில் மரப்பாச்சி. கூடத்து ஓரத்தில் பாயின்மேல் வாத்தியங்கள். சுண்டலுக்கு வந்த பக்கத்துத் தெருப் பாட்டி பாட உட்கார்ந்தார்.

“இத்தனை பொட்டி வச்சிண்டிருக்கேளே, எனக்கு ஒரே ஒரு ‘ச’ குடுங்கோ, போறும்.”

கூடம் அமைதியானது. பதினைந்து வருஷமாக ஒற்றைச் சுரத்தை மட்டுமே வாசித்து வந்த மனிதரிடம் ஒரே ஒரு சுரம் கேட்கப்பட்டது. இதைவிட நல்ல வாய்ப்பு அவருக்கு வரப்போவதில்லை.

மாமா எம்எஸ்-20-ஐப் போட்டார். ‘ச’ வந்தது. பாட்டி வாயைத் திறப்பதற்குள் அது மெல்ல நழுவி வேறெங்கோ போய்க்கொண்டிருந்தது. “சூடேறினாத்தான் சுருதி நிக்கும். அரை மணி பொறுங்கோ.” பாட்டி பொறுக்கவில்லை. ஜூனோ? அதன் சிப்புகள் சமையலறையில் ஊறிக்கொண்டிருந்தன. டிஎக்ஸ்-7? மூடியில்லாமல், பாட்டரியும் இல்லாமல், மல்லாந்து கிடந்தது.

பாட்டி சிரித்துக்கொண்டே பையிலிருந்து சின்ன சுருதிப்பெட்டியை எடுத்துத் திருகினார். ‘ச’வும் ‘ப’வும் அசையாமல் வந்தன. பாட்டு நன்றாக இருந்தது. மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமா தலையைக் குனிந்திருந்தார். பாவம், மனிதர் அவமானப்பட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

பாட்டு முடிந்ததும் நிமிர்ந்தார். முகம் பல்லாவரம் வெள்ளிக்கிழமை மாதிரி இருந்தது.

“பாட்டி, உங்க பெட்டியில அடியில ஒரு இரைச்சல் ஓடறது. ட்ரை சால்டர்தான், சந்தேகமே இல்லை. ஒரு வாரம் இங்கேயே விட்டுட்டுப் போங்கோ.”

மறுநாள் ஆறேகாலுக்கு எங்கள் தெருவில் ‘டொய்ங்’ கேட்கவில்லை. ‘ஙொய்’ என்று கேட்டது.