முள் பார்க்கும் முதலாளி

வெலிமடையில் லீக்ஸும் கரட்டும் ஏற்றி நுவரெலியாவுக்குப் புறப்படும் பழைய கெப்பில் முன் சீட்டு கிடைத்தால் சந்தோஷப்படாதீர்கள். கால் வைக்கும் இடத்தில் தண்ணீர்க் கேன்கள் இருக்கும். அந்த இடம் அவற்றுக்கு உரியது. நீங்கள் இடையில் வந்தவர்.

ஓட்டுபவர்தான் முதலாளி. ஐம்பதைத் தாண்டிய வயது, கழுத்தில் மஃப்ளர். ஒரு கண் ரோட்டில், மறு கண் டேஷ்போர்டில் சீ-க்கும் எச்-க்கும் நடுவே ஆடும் ஹீட் முள்ளில். வளைவில் பஸ் எதிரே வந்தாலும் முள்ளை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் பிரேக்கை மிதிப்பார். "மாஸ்டர், கொஞ்சம் பேசாம வாங்க, ஏறுது" என்பார். மரக்கறி மூட்டைகளைவிட நம் பேச்சுத்தான் பாரம் என்று அவருக்கு எண்ணம்.

எந்த வளைவில் பீலி இருக்கிறது, எது மழை விட்டதும் வற்றும் என்பதெல்லாம் அவருக்குப் பாடம். ஹக்கலைப் பூங்கா 1861இல் சிங்கோனா பயிரிடத் தொடங்கிய இடம் என்று நான் சொன்னபோது, "அதுக்குக் கிட்ட தண்ணி புடிக்கலாம்" என்று வரலாற்றை முடித்துவைத்தார். சீத்தா எலியவில் கட்டாயம் வண்டி நிற்கும். அவர் கும்பிடுவது சீதையம்மனையா பொனட்டையா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

ரேடியேட்டர் மூடியைத் திறப்பது பூசைக்குச் சமம். நனைத்த சாக்கைப் போர்த்தி, முகத்தைத் திருப்பி, கால் திருகு திருகிவிட்டுப் பின்னால் பாய்வார். புஸ்ஸென்று ஆவி. "மலையில தண்ணி சுருக்கா கொதிக்கும் மாஸ்டர்." இதில் பொய்யில்லை, 1,868 மீட்டர் உயர நுவரெலியாவில் திறந்த சட்டியில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். சீக்கிரம் கொதிக்காமலிருக்கத்தான் மூடிக்குள் ஸ்பிரிங் வைத்து, உள்ளே அழுத்தத்தைக் கட்டி, கொதிநிலையை இருபது பாகை அளவில் உயர்த்துகிறார்கள். இவருடைய மூடியின் ரப்பரோ எப்போதோ செத்துவிட்டது. சைக்கிள் டியூபை வெட்டி வைத்திருக்கிறார். புது மூடியா? ஒரு மூட்டை கரட்டின் விலைகூட வராது. ஆனாலும் வாங்க மாட்டார்.

தேர்மோஸ்டாட் மீது அவருக்கு ஜென்மப் பகை. "அது தண்ணிய மறிக்குது" என்று கழற்றிவிட்டார். கராஜ் பாஸ் தலையில் அடித்துக்கொள்வார்: "அண்ணே, அது சூடாகிற வரைக்கும் மட்டும்தான் மறிக்கும். எண்பது பாகை தாண்டினா தானா திறக்கும்." கழற்றியதால் ஹக்கலைப் பனியில் என்ஜின் சூடேறாமல் டீசலைக் குடிக்கிறது. சில என்ஜின்களில் ரேடியேட்டருக்குப் போகாத குறுக்குவழியை மூடுவதும் அதே வால்வுதான். அது இல்லாவிட்டால் சுடுதண்ணீரில் ஒரு பங்கு ஆறாமலே திரும்பிவிடும், ஏற்றத்தில் முள் இன்னும் ஏறும். முதலாளி இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கேனை நிரப்பப் போவார். கூலண்ட் என்ற பேச்சை எடுத்தால், "பீலித் தண்ணிக்குக் காசா?"

2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து அவர் பேச்சே மாறிவிட்டது. 2025இல் கதவு திறக்கும்வரை பழைய கெப்புகளுக்கு நல்ல விலை இருந்தது. கேட்டவர்களிடம், "ஹீட் மட்டும் கொஞ்சம் இருக்கு" என்று பெருமையாகச் சொன்னார், பெரிய மனிதர்கள் தங்கள் பிரஷரைச் சொல்வதுபோல.

கடைசியில் கொழும்பில் வேலை பார்க்கும் மகன் வந்து, ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, புது மூடி, புது தேர்மோஸ்டாட், கூலண்ட் எல்லாம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். அடுத்த நாள் முழு லோட்டோடு ஏறினோம். முள் பாதிக்கு வந்து நின்றது, அசையவில்லை. அவர் முள்ளுக்கு மேலுள்ள கண்ணாடியை விரலால் தட்டினார். ஹக்கலை போனது, சீத்தா எலிய போனது, வாய் திறக்கவில்லை. நான் பேசினேன், தடுக்கவுமில்லை. திரும்பி வந்ததும் நேரே கராஜுக்கு விட்டார்.

"பாஸ், மீட்டர் செத்துப்போச்சு. வேற ஒண்ணு போடுங்க."