முதலில் இறக்கையை எண்ணுங்கள்

ஊரெல்லாம் 'எட்டுக்கால் பூச்சி' என்கிறோம். சிலந்தி பூச்சியா, இல்லையா?
*மாணவர், பூதப்பாண்டி*

இல்லை. அதன் பேரே சாட்சி சொல்கிறதே! பூச்சிக்கு ஆறு கால்தான். தலை, மார்பு, வயிறு என்று உடம்பு மூன்று பகுதி, தலையில் ஒரு ஜோடி உணர்கொம்பு. சிலந்திக்குக் கால் எட்டு, உடம்பு இரண்டே பகுதி, உணர்கொம்பு கிடையாது. பேர் வைத்த பாட்டி காலைச் சரியாகத்தான் எண்ணியிருக்கிறாள். 'பூச்சி' என்ற வாலை மட்டும் வெட்டிவிட்டால் போதும்.

தோட்டத்துப் பூவில் மஞ்சளும் கறுப்புமாக வரி போட்டு ஒன்று வந்து உட்காருகிறது. தேனீ என்று பிள்ளைகள் ஓடுகிறார்கள். ஓடத்தான் வேண்டுமா?
*இல்லத்தரசி, நாகர்கோவில்*

இறக்கையை எண்ணிவிட்டு ஓடச் சொல்லுங்கள். தேனீக்கு நான்கு இறக்கை. இரண்டுதான் என்றால் அது ஈ. அந்தரத்தில் அசையாமல் நின்று, சட்டென்று பக்கவாட்டில் நழுவுகிறதா? அப்படியானால் மலர் ஈ. பின்னிறக்கை இருக்க வேண்டிய இடத்தில் ஊசித்தலை மாதிரி இரண்டு குமிழ்கள் இருக்கும். பறக்கும்போது சமநிலை தருவது அவைதான். உணர்கொம்பு குட்டை, கண் முகத்தையே அடைத்திருக்கும், கொடுக்கு கிடையாது. பறவைக்குப் பயந்து தேனீயின் சட்டையைப் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். சட்டையைக் கடன் வாங்கலாம், இறக்கையைக் கடன் வாங்க முடியாது. மலர் ஈக்களில் பல இனங்களின் புழு அசுவினியைத் தின்னும். அடித்துவிடாதீர்கள்.

நம்ம அடுக்குத் தேனீயையும் இத்தாலியத் தேனீயையும் எப்படிப் பிரித்தறிவது?
*தேனீ வளர்ப்பவர், மார்த்தாண்டம்*

1920களில் ஸ்பென்சர் ஹேட்ச் ஒய்.எம்.சி.ஏ. மூலம் பெட்டித் தேனீ வளர்ப்பைப் பரப்பிய ஊரிலிருந்து கேட்கிறீர்கள். 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் வைரஸ் நம்ம தேனீக் கூட்டங்களை வாரிக்கொண்டு போன பிறகு, அந்த நோயைத் தாங்கும் இத்தாலியத் தேனீக்கும் இங்கே இடம் கிடைத்தது.

இத்தாலியத் தேனீ சற்றுப் பெரியது. ஆனால் பருமனை மட்டும் நம்ப வேண்டாம். செத்த தேனீ ஒன்றின் பின்னிறக்கையைப் பிரித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். நரம்புகள் சந்திக்கும் இடத்தைத் தாண்டி ஒரு குட்டி நரம்பு வால்போல நீண்டிருந்தால் நம்ம தேனீ. அந்த வால் இல்லாவிட்டால் இத்தாலியன். பெட்டியைத் திறந்தால் இன்னொரு அடையாளம்: நம்ம தேனீயின் ஆண் புழு அறை மூடிகள் குமிழாக எழும்பி, நடுவில் ஊசித்துளை தெரியும். இத்தாலியத் தேனீ அந்தத் துளை வைப்பதில்லை.

மலைப்பக்கம் கறுப்புத் தேனீ, கீழே மஞ்சள் தேனீ. இரண்டும் ஒன்றா, வேறா?
*ரப்பர் தோட்டத் தொழிலாளி, குலசேகரம்*

அறிவியல் ரொம்ப நாள் கேட்காமல் விட்ட கேள்வி இது. டென்மார்க்கின் ஃபெப்ரீசியஸ் 1798இல் நம்ம தேனீக்கு 'ஏபிஸ் இண்டிகா' என்று பெயர் வைத்தார். அதன்பின் 224 ஆண்டுகள் கழித்து, 2022இல், கேரள ஆய்வாளர்கள் மேற்குத்தொடர்ச்சி மலையின் கறுப்புத் தேனீயைத் தனி இனமாக அறிவித்தார்கள். பெயர்: 'ஏபிஸ் கரிஞ்ஞொடியன்'. மக்கள் நாக்கில் இருந்த மலையாளப் பெயர் அப்படியே அறிவியல் ஏட்டில் ஏறிவிட்டது!

நிறத்தை மட்டும் பார்த்து அவர்கள் முடிவு செய்யவில்லை. முன்னிறக்கை நரம்புத் துண்டுகளை அளந்து, ஒன்றுக்கொன்று என்ன விகிதம் என்று கணக்குப் போட்டார்கள். தனி இனமா, கிளையினமா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் இரண்டும் வேறு மாதிரி என்று முதலில் கண்டது உங்களைப் போன்றவர்களின் கண்தான்.

எருக்குழியில் ஒரு வெள்ளைப் புழு, தென்னை மண்டைக்குள் ஒரு வெள்ளைப் புழு. இரண்டுக்கும் ஒரே மருந்து போதுமா?
*தென்னை விவசாயி, கருங்கல்*

போதாது, அண்ணாச்சி. காலைப் பாருங்கள். எருக்குழிப் புழு அரைவட்டமாகச் சுருண்டு, மார்பில் ஆறு காலோடு கிடந்தால் காண்டாமிருக வண்டின் பிள்ளை. மரத்துக்குள் இருக்கும் புழுவுக்குக் காலே இல்லையென்றால் சிவப்புக் கூன்வண்டின் பிள்ளை. முதலாவதில் வளர்ந்த வண்டுதான் குருத்தைக் குடையும். புழு எருவைத் தின்று பிழைக்கும். இரண்டாவதில் புழுவே மரத்தைத் தின்று சாய்த்துவிடும்.

அதனால் ஒன்றுக்கு வைத்தியம் எருக்குழியில்: புழுவைப் பொறுக்குவது, பச்சை மஸ்கார்டைன் பூஞ்சையைக் கலப்பது. மற்றதற்கு வைத்தியம் மரத்தில்: காயம் படாமல் காப்பது, இனக்கவர்ச்சிப் பொறி வைப்பது. காண்டாமிருக வண்டு போட்ட ஓட்டையிலேயே கூன்வண்டு முட்டையிடும் என்பதால் இரண்டையும் சேர்த்தே கவனியுங்கள். பொறியில் விழுந்த கூன்வண்டின் மூக்கில் சின்ன மீசை இருந்தால் ஆண். மூக்கு வழவழவென்றிருந்தால் பெண்.

கைப்பேசியில் படம் பிடித்தால் பெயர் வந்துவிடுகிறது. இத்தனையும் நாங்கள் படிக்க வேண்டுமா?
*கல்லூரி மாணவி, தக்கலை*

படம் பிடியுங்கள் மகளே, நல்லதுதான். ஆனால் முதுகைக் காட்டும் ஒரு படத்துக்குப் பின்னிறக்கையின் குட்டி நரம்பு தெரியாது. புழுவின் கால் மண்ணில் புதைந்திருந்தால் அதுவும் தெரியாது. பல பூச்சிகளை ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பார்த்துத்தான் இனம் பிரிக்க முடியும். பெயர் தப்பினால் மருந்து தப்பும். நம்மைக் காக்கும் பூச்சி சாகும், கெடுக்கும் பூச்சி பிழைக்கும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்குங்கள். நாளைக் காலை தேன்பெட்டி வாசலில் செத்துக் கிடக்கும் தேனீ ஒன்றை வெள்ளைத்தாளில் வைத்து, அந்தக் குட்டி நரம்பைத் தேடுங்கள். கண்ணில் பட்டதும் எனக்கு எழுதுங்கள்.