சுமாரான புள்ளியும் ஸ்டெதஸ்கோப்பும்

உயர்தரத்தில் சுமாரான புள்ளி எடுத்துவிட்டு டொக்டராக ஆசைப்படும் பிள்ளைக்கு அரசாங்கம் கருணை காட்டாமல் இல்லை. மருத்துவ பீட இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தக் கடைசிப் பட்டியலில் இரத்தினபுரி உண்டு, கேகாலை கிடையாது. எல்லையைத் தாண்டினால் இறப்பர் மரம்கூட முன்னேறிவிடும் போலிருக்கிறது!

கோட்டா மாவட்டத்துக்குத்தான், தோட்ட லயத்துக்கு அல்ல. டவுனில் மூன்று டியூஷன் போகிறவனும், விடியக்காலையில் பால் வெட்டப் போகும் அம்மாவுக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டுப் படிக்க உட்காருகிறவளும் ஒரே இசட் புள்ளி வரிசையில். 'பயோவுக்கு டீச்சர் இல்லை' என்று எழுத விண்ணப்பத்தில் கட்டமில்லை.

சப்ரகமுவ பல்கலைக்கழக மருத்துவ பீடம் இரத்தினபுரிக்கே வந்துவிட்டது. அப்படியே, தமிழில் பயோ படிப்பிக்க ஓர் ஆளையும் தோட்டத்துக்கு அனுப்புங்கள் ஐயா. புள்ளியைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.