நீலத்துக்குக் கொடுத்த விலை

2001-ல் சிங்கப்பூரின் தேக்காவில் ஒரு ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள, அவருடைய ஹேண்ட்போன் ஒருமுறை அடித்தால் போதும். சட்டைப்பைக்குள் பச்சை வெளிச்சம் தெரிந்தால் நம்மைப் போன்றவர். நீலம் தெரிந்தால் கொஞ்சம் தள்ளி நின்று மரியாதையாகப் பேச வேண்டியவர்.

அந்த நீலம் நோக்கியா 8250-ன் சொத்து. அதன் அண்ணன் 8210, 1999 அக்டோபரில் பாரிஸ் ஃபேஷன் வாரத்தில் கென்சோவின் தயவில் அறிமுகமானது. அழகிகள் நடக்கிற இடத்தில் தொலைபேசிக்கு என்ன வேலை என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. தம்பி 8250 நம் பக்கத்து ஆசியச் சந்தைக்கென்றே வந்தது. பத்து சென்டிமீட்டர் சொச்சம் உயரம், 81 கிராம் எடை, வெளியே துருத்திக்கொண்டிருக்கும் ஆன்டெனா கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே அந்த நீல வெளிச்சம். பளிச்சென்று எரியும் நீல எல்இடி 1990-களில்தான் ஜப்பானியர்களின் கைக்கு வசப்பட்டது. அதற்காக மூன்று பேருக்கு 2014-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள். எங்கள் அக்கா அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பே தன் போனஸ் பணம் முழுவதையும் அந்தக் கண்டுபிடிப்புக்குக் கொடுத்துவிட்டார்.

ஒரு பொருளை இவ்வளவு சின்னதாகச் செய்வது, இருக்கிற இடம் தெரியாமல் இருக்கட்டும் என்றுதான். அக்கா அதை ஒரு நாடாவில் கோத்து, தாலிக்கொடிக்குப் பக்கத்தில் கழுத்தில் தொங்கவிட்டார். அத்தான் இடுப்பு பெல்ட்டில் தோல் உறை மாட்டி வைத்திருந்தார். போனைவிட உறை பெரிது. வருகிற அழைப்புக்கும் காசு பிடித்த காலம் அது. அதனால் அக்கா சட்டென்று எடுக்கமாட்டார். அதற்காகத் துண்டித்துவிடவும் மாட்டார். வீரமாகாளியம்மன் கோயில் வரிசையில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும்வரை அது நீலமாக எரிந்து அடங்கும். பிறகு, "யாரோ ஆபீஸ்லேர்ந்து" என்பார். பெரும்பாலும் பொதுத்தொலைபேசியிலிருந்து நான்தான்.

பச்சை வெளிச்சக்காரர்களுக்கும் ஒரு வழி இருந்தது. சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்துகளில், கடைகளுக்கு முன்னால் உள்ள அஞ்சடி நடைபாதையில் ஒரு கண்ணாடிப் பெட்டியும் முக்காலியும் போட்டு ரிப்பேர்க்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். என் 3310-ஐ ஒருவரிடம் கொடுத்தேன். நட்சத்திரத் தலைத் திருகாணிகளைக் கழற்றி, பலகையை வெளியே எடுத்து, சால்டரிங் கம்பியின் நுனியால் தொட்டார். கடுகு அளவு பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து வந்தன. அந்த இடங்களில் இடுக்கியால் நீல விளக்குகளை வைக்கும்போது மூச்சுக்கூட விடவில்லை அவர். மூச்சுப் பட்டால் பறந்துவிடுமாம். "அண்ணே, மாட்டிட்டா வாரண்டி போயிரும்" என்றார். பெரிய இடத்துச் சம்பந்தம் என்றால் நாலு விஷயம் போகத்தான் செய்யும் என்று தலையாட்டினேன். ஒரு வாரம் எல்லாரும் என்னிடம் மரியாதையாகப் பேசினார்கள். அதன்பிறகு தேக்காவே நீலமாகிவிட்டது. 8250 வைத்திருந்தவர்கள் வெள்ளை விளக்கு தேடிப் புறப்பட்டார்கள்.

சிறுத்துக்கொண்டே போன அந்தப் போட்டி எப்போது திரும்பிப் பெருக்க ஆரம்பித்தது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. அத்தானிடம் இப்போது இருக்கும் ஐபோன் 15 ப்ரோ மேக்ஸ் 221 கிராம். இரண்டு 8250-களையும் மூன்றாவதில் முக்கால்வாசியையும் எந்நேரமும் சட்டைப்பையில் சுமக்கிறார். பை கிழிந்து ஒருமுறை தைத்தும் ஆயிற்று.

நீலத்தின் கதைதான் இன்னும் மோசம். 2016-ல் ஆப்பிள் தன் போன்களில் இரவானால் நீலத்தைக் குறைத்து மஞ்சளாக்கும் வசதியைக் கொண்டுவந்தது. மற்றவர்களும் வரிசையாகக் கொண்டுவந்தார்கள். அக்கா போன மாதம் புதுக் கண்ணாடி மாற்றினார். கடைப்பையன் நீல ஒளியைத் தடுக்கும் பூச்சுக்குத் தனியாகக் காசு கேட்டிருக்கிறான். மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டு வந்தார். அந்தப் பூச்சினால் கண் அசதி குறைவதாகத் தெரியவில்லை என்று 2023-ல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொன்னதை எடுத்துச் சொன்னேன். "ஒனக்கு அன்னைக்கும் பொறாமைதான்" என்றார்.

நடுவில் அந்த 8250-க்கு ஒரு மறுபிறவியும் வாய்த்தது. 2009-ல் அக்கா மகன் தேசிய சேவைக்குப் போனான். அப்போது படைமுகாமுக்குள் கேமரா போனுக்கு இடமில்லை. வசதியுள்ள பையன்கள் புது ஐபோன் வாங்கி, கடையில் மேற்கொண்டு பணம் கட்டி அதன் கேமராவைப் பிடுங்கினார்கள். நம்மவன் இழுப்பறையைக் கிளறி அம்மாவின் பழைய போனை எடுத்துக்கொண்டு போனான். கேமரா இல்லாததே அதன் தகுதியாகிவிட்டது. இரண்டு வருஷம் சேற்றிலும் மழையிலும் கிடந்து திரும்பி வந்தபோது, பொத்தான்களில் எண்கள் அழிந்திருந்தன. வெளிச்சம் மட்டும் அப்படியே இருந்தது.

2017 ஏப்ரலில் சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 மூன்றும் 2ஜி சேவையை நிறுத்தின. அதற்குமேல் 8250-ஆல் இந்த ஊரில் ஒரு ஹலோகூடச் சொல்ல முடியாது. தூக்கிப்போட அக்காவுக்கு மனமில்லை. மன்னார்குடிக்குப் போன அத்தானின் பெட்டியில் சேலைகளுக்கு நடுவே அதைச் செருகி அனுப்பினார். அங்கே இன்னும் 2ஜி ஓடுகிறது. ஒரு டூப்ளிகேட் பேட்டரி போட்டதும் போன் எழுந்து உட்கார்ந்துவிட்டது. அத்தானின் சித்தப்பாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. இரண்டு நாளைக்கு ஒருமுறை சார்ஜ் போட்டால் போதும் என்பதில் அவருக்கு ஏகத் திருப்தி. சிங்கப்பூருக்குப் பேச வேண்டுமானால் ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து காத்திருப்பார். அக்காவும் உடனே திருப்பி அழைப்பதில்லை. பத்து நிமிஷம் கழித்துத்தான் கூப்பிடுகிறார். ஆபீஸ் வேலையாம், அவர் ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது.