ஹாஸ்கெல் நிரல் தவழ எளிய வழிகள்

நிரல் சட்டென்று ஓடி முடிந்தால் ஆபீசில் அடுத்த வேலையைத் தலையில் கட்டுவார்கள். திருத்தணிப் பக்கம் கே.ஜி.கண்டிகையில் வீட்டிலிருந்தபடி வேலை பார்ப்பவருக்கு இது பெரிய ஆபத்து. டீக்கடைக்குப் போய்வர அவகாசம் வேண்டாமா? ஆகவே மதுரைத் திட்டத்தார் 1998 முதல் இலவசமாகத் தந்துவரும் தமிழ் நூல்களில் தடியாக ஒன்றை இறக்குங்கள். எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று ஹாஸ்கெலில் எண்ண உட்காருங்கள். எண்ணி முடிக்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

முதல் உபாயமே முக்கால்வாசி காரியத்தைக் கெடுத்துவிடும்: கோப்பை ஸ்டிரிங்காகவே படியுங்கள். ஹாஸ்கெலில் ஸ்டிரிங் என்பது எழுத்துகளின் சங்கிலி. 64 பிட் கணினியில் ஒரு கண்ணிக்கு 24 பைட். திருத்தணி மலைக்கு 365 படியும் உண்டு, கார் போகும் ரோடும் உண்டு. நீங்கள் படியிலேயே ஏறுங்கள், அதுவும் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு படியாக.

ஆங்கிலம் மட்டும் படிப்பவருக்கு இதன் முழுச் சுகம் கிடைக்காது. ஆங்கில எழுத்துகளை ஹாஸ்கெல் கம்பைலரான ஜிஹெச்சி முன்கூட்டியே செய்து வைத்து, ஒன்றையே எல்லா இடத்திலும் பகிர்ந்துகொள்ளும். தமிழுக்கு அந்தச் சலுகை இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனியாக இன்னும் 16 பைட். 'கே.ஜி.கண்டிகை' என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடு அதை 13 துண்டாகப் பார்க்கிறது. கொம்பு, கொக்கி, புள்ளி எல்லாம் தனித்தனி. யூடிஎஃப்-8இல் 35 பைட். முற்றுப்புள்ளி இரண்டுக்கும் ஆங்கிலச் சலுகை போக, ஸ்டிரிங்கில் கணக்குப் போட்டால் 488. ஒரு பஸ் போர்டுக்கு இவ்வளவு!

தப்பித் தவறியும் டெக்ஸ்ட் நூலகத்தைத் தொடாதீர்கள், எழுத்துகளை நெருக்கி ஒரே துண்டாக அடுக்கிவிடும். முன்பு அது யூடிஎஃப்-16இல் இருந்தபோது தமிழ்த் துண்டு ஒன்றுக்கு 2 பைட்; 2021இல் வந்த 2.0 பதிப்பில் யூடிஎஃப்-8க்கு மாறியதும் 3 ஆயிற்று. தமிழுக்கு நஷ்டம் என்று பொருமி ஒதுங்க நல்ல சாக்கு. கோப்பே யூடிஎஃப்-8இல்தான் இருக்கிறது, உருமாற்றும் வேலை மிச்சம் என்பதை யாரிடமும் சொல்லாதீர்கள்.

யாராவது வற்புறுத்தி டெக்ஸ்டுக்கு மாற்றினாலும் மனம் தளர வேண்டாம். பிரித்த சொற்களை, சொல்லையும் எண்ணிக்கையையும் ஜோடியாக வைக்கும் மேப்பில் அப்படியே சாவியாகப் போடுங்கள். வெட்டிய சொல் தனி நகல் அல்ல, மூல நூலின் ஒரு பகுதியைச் சுட்டுவதுதான். அந்த ஒரு சொல் இருக்கும்வரை நூல் முழுவதும் நினைவகத்தை விட்டு நகராது. நகலெடுக்க 'காப்பி' என்றொரு ஃபங்ஷன் இருக்கிறது, மறந்துவிடுங்கள். எண்ணிக்கைக்குச் சோம்பல் மேப்பையே பிடியுங்கள். அது கூட்டாது, 'கூட்ட வேண்டும்' என்ற குறிப்பை அடுக்கிக்கொண்டே போகும். கண்டிப்பான மேப்புக்கு மாற ஒரேயொரு இம்போர்ட் வரியைத் திருத்தினால் போதும். அதனால்தானோ என்னவோ, பலர் திருத்துவதில்லை.

வேகப் பித்துப் பிடித்தவர் 'பைட்ஸ்டிரிங் சார்8' என்பார். தடுக்காதீர்கள். வேகம் நிஜமாகவே கூடும், தமிழ்தான் இருக்காது. அதற்குள் அடைக்கும்போது ஒவ்வொரு துண்டிலும் கடைசி 8 பிட் மட்டும் மிஞ்சும். முருகனின் 'ம' வட்டத்துக்குள் ஆர் போட்ட வணிக முத்திரையாகிவிடும். தெலுங்கு 'ம' இன்னும் பாவம், வெறும் முற்றுப்புள்ளி. திருத்தணி 1960இல் ஆந்திரத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. யூனிகோடு அட்டவணையிலோ தமிழுக்கு அடுத்த வீடு இன்றும் தெலுங்குதான். சார்8 இரு வீட்டையும் பாரபட்சமில்லாமல் இடிக்கிறது.

இத்தனைக்கும் மசியாமல் நிரல் ஓடினால், கம்பைல் செய்யாமல் ஜிஹெச்சிஐயிலேயே ஓட்டுங்கள். ப்ரொஃபைலர் பக்கம் போகவே வேண்டாம். எந்த வரி நினைவகத்தைத் தின்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். மேனேஜர் கேட்டால், "ஃபங்ஷனல் மொழி சார், மெதுவாத்தான் போகும்" என்று அடித்துச் சொல்லுங்கள். சிறுசேரி சென்னைக் கணிதவியல் கழகத்தில் ஹாஸ்கெல் படித்துவந்த பிள்ளை யாரும் அந்த மீட்டிங்கில் இல்லை என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.